செர்மெட் முனை வெடித்தது பற்றி ஞானசீலன் சொன்னது

என் பெயர் ஞானசீலன், வயது 41, தகப்பனார் பெயர் தேவசகாயம். ஆம்பூர் பெத்லகேம் பகுதியில் என் மனைவி ஜெயபுஷ்பத்துடன் குடியிருக்கிறேன். தோல் பதனிடும் டேனரி மெஷின்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறேன். 2003 ஆகஸ்ட் மாதம், வேலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுயநினைவோடு இருந்து போலீஸ் ஐயாவிடம் இதைச் சொல்கிறேன். இடது கண் போய்விட்டது. புத்தி போகவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்து நான் பேசவில்லை.

கலீமுல்லா என்பவன் எனக்கு அடுத்த லேத்தில் வேலை செய்பவன். அவன் என்றே எழுதுங்கள். அவர் என்று எழுதினால் வேறு யாரோ போலிருக்கிறது.

எங்கள் முதலாளி இஷ்தியாக் அகமது சென்னையிலிருந்து லேத் டூலில் பொருத்தும் புது மாதிரி வெட்டு முனை இரண்டு வாங்கி வந்தார். டப்பாவில் செர்மெட் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்னவென்று ஐயா கேட்டதால் சொல்கிறேன். பீங்கான் வகையைச் சேர்ந்த கடினமான பொடியோடு நிக்கல் போன்ற உலோகத்தைக் கலந்து, அழுத்தி, சூளையில் சுட்டு இறுக்கிய பொருள் அது. செராமிக், மெட்டல் இரண்டையும் சேர்த்து வைத்த பெயராம். இரும்பை வேகமாகக் கடையலாம், கடைந்த இடம் பளபளவென்று வரும். மழுங்கினால் எறிந்துவிட வேண்டிய சாமான். எங்களுக்கு எதையும் எறிய மனசு வராது. சாணைக் கல்லில் தேய்த்து மறுபடி போடுவோம்.

இரண்டையும் நானே பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டதால் கலீமுல்லாவுக்குக் கோபம் வந்தது. "ஜாஸ்தி பண்ணாத ஞானம். நாளைக்கு நீ எப்டி வேல செய்றன்னு பாத்துடறேன்" என்று கத்தினான். அங்கேயே ஃபிட்டராக இருக்கும் என் மனைவியின் தம்பி ஜோசுவா அதைக் கேட்டான்.

மறுநாள் காலை செர்மெட் முனை ஒன்றை டூலில் பொருத்தி, தோல் சீவும் மெஷினின் ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தபோது முனை மழுங்கிவிட்டது. கலீமுல்லா வந்து என் டூலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். எங்கள் பட்டறையில் கோபம் தீர்ந்ததென்று வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. அடுத்தவன் டூலைச் சாணை பிடித்துக் கொடுப்போம், அதோடு சரி. அவன் கல்லில் தேய்த்தான், சூடு ஏறியதும் தண்ணீர் மக்கில் முக்கினான், சுர்ரென்றது. எஃகு டூலை அப்படித்தான் முக்குவோம், கை தானாகப் போகும். அதன் பிறகு டூலை என் கையில் கொடுத்து, "இப்ப ஓட்டிப் பாரு தோஸ்த்" என்றான். நானும், "சரிடா, டீ சொல்லு" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு டூலை மாட்டி லேத்தை ஓட்டினேன். ஷாஃப்ட் மின்னியதைப் பார்க்க ஆசைப்பட்டுக் குனிந்தேன். பட்டாசு வெடித்தது போலக் கேட்டது. முகத்தில் கொதிநீர் ஊற்றியது போல இருந்தது. ஒரே இருட்டு. "கரண்டு போய்ட்ச்சா?" என்று கேட்டேன். "இல்ல ஞானம், கரண்டு இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கலீமுல்லா அலறினான். அவன் அப்படி அலறி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. ஆபரேஷன் முடிந்து விழித்ததும் கலீமுல்லா எங்கே என்று கேட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறான் என்று ஜோசுவா சொன்னான். எதற்கு என்று கேட்டேன். "மாமா, நேத்து சண்ட, இன்னிக்கு அவன் தொட்ட டூலு. வேற இன்னா வேணும்?" என்றான். என் மேல் உள்ள பாசத்தில்தான் புகார் கொடுத்திருக்கிறான். ஆனால் கலீமுல்லா வேண்டுமென்றே செய்தான் என்பது பொய்.

அதன் பிறகு முதலாளி வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். செர்மெட் என்பது கடினம்தான், ஆனால் எஃகு போலத் தாங்காது, சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும், வேலையில் அழுத்தம் ஏறியதும் சிதறும் என்று அங்கேதான் சொன்னார். இரும்பையே சீவுகிற பொருள் ஒரு மக்குத் தண்ணீருக்கு உடையும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? அன்று அவன் வந்திருக்காவிட்டால் நானே தேய்த்து, நானே முக்கியிருப்பேன். இன்னொரு முனை என் பெட்டியில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அதையும் தேய்த்து முக்கி ஓட்டிப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

அவன் சட்டையில் இருந்த ரத்தத்தைச் சாட்சியாக எடுத்திருக்கிறீர்களாம். அது என் ரத்தம்தான். ஆம்பூரிலிருந்து இங்கு வரும் வரை என் தலை அவன் மடியில் இருந்தது என்று ஜெயபுஷ்பம் சொன்னாள். என்னைச் சேர்த்துவிட்டு வெளியே நின்றவனைத்தான் பிடித்துப் போயிருக்கிறீர்கள். கண் போனதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவனை விட்டுவிடுங்கள்.

சொன்னபடி எழுதியிருப்பதை வாசிக்கக் கேட்டேன். எல்லாம் நடந்தது நடந்தபடி. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) தே. ஞானசீலன்

எழுதியவர் குறிப்பு: ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாததால் மேற்படியார் முதலில் காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே, காற்றில் கையொப்பம் போட்டார். கையைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தேன். போட்டு முடித்து, "இப்ப விழுந்துச்சா சார்? அவன உட்ருவீங்களா?" என்று கேட்டார்.