முத்து முகம்மது குதிக்கவில்லை

அவைத் தலைவர் பஞ்சு வணிகர் சாமித்துரை அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் மகனுக்காக வந்து அமர்ந்திருக்கும் ஜவுளிக்கடை செய்யது அலி அண்ணாச்சி அவர்களே, கோவில்பட்டி நகரப் பொதுமக்களே, உங்கள் அனைவருக்கும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவன், ஓய்வுபெற்ற சுபேதார் செண்பகராஜின் வணக்கம்.

பிளைட் லெப்டினன்ட் முத்து முகம்மது அவர்களுக்கு இரங்கல் சொல்லக் கூடியிருக்கிறோம். சென்ற செப்டம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், எல்லைக்கு அப்பால் குண்டுபோடப் போன விமானத்தில் வழிகாட்டியாகப் போனவர். திரும்பி வரவில்லை. எனக்கு முன் பேசிய அவைத் தலைவர் அவர்கள் அவரை ‘வீரத் திருமகன்’ என்றார்கள். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

யார் இந்த முத்து முகம்மது? விடுப்பில் வந்தால் சீருடையைக் கழற்றிவிட்டு அப்பா கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர். தேநீர்க் கடையில் நம் விவசாயிகள் அவரை விடமாட்டார்கள். “ஏலே, மேகத்துக்கு மேல போறியே, இங்கன கொஞ்சம் தள்ளிவிடப்படாதா?” என்று கேட்பார்கள். “நம்ம ஊருக்கு மேல வந்தா மேகமே இருக்காது அண்ணாச்சி. கரிசல் மட்டும் கருப்பா கெடக்கும். அத வச்சுத்தான் ஊரு வந்துட்டுன்னு கண்டுபிடிப்பேன்” என்பார். வானத்தில் இருந்தும் இந்த மண்ணைத் தேடிய மனிதர் அவர்.

தலைவர் அவர்களின் பஞ்சுக் கிட்டங்கியில் தீப்பிடித்ததே, நினைவிருக்கிறதா? வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. உள்ளே போனவர் யார்? புகையில் குப்புறப் படுத்துத் தவழ்ந்து, மயங்கிக் கிடந்த காவற்காரரைக் காலைப் பிடித்து இழுத்து வந்தவர் யார்? அன்றைக்கும் தலைவர் அவர்கள் அவரை ‘என் மகன்’ என்றார்கள்.

அந்த மகனைக் காணவில்லை என்று தந்தி வந்தது. காணவில்லை என்றுதான் இருந்தது. மீதியை நாம் எழுதிக்கொண்டோம்.

“குதிச்சிருப்பான். அவன் ஆளுகளோட போய்ச் சேந்திருப்பான். அங்கன ராசா மாதிரி இருக்கானாம்” என்று முதலில் சொன்னவர் யார்? அவர் பெயரைச் சொல்லி இந்தக் கூட்டத்தின் கண்ணியத்தைக் கெடுக்க மாட்டேன். அவரே இந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கிறார்.

சொன்னவர் ஒருவர். சுமந்தவர்கள் நாம் எல்லோரும். தீபாவளிக்குத் துணி எடுக்க அந்தக் கடைக்கு ஒரு குடும்பம் போகவில்லை. கடைக் கதவில் கரியால் ‘பாகிஸ்தான் கடை’ என்று எழுதினோம். அண்ணாச்சி காலையில் வந்து ஈரத் துணியால் துடைப்பார். மறுநாளும் எழுதியிருக்கும், மறுநாளும் துடைப்பார். மகனுக்காக அழவும் முடியவில்லை அவரால். அழுதால், ‘அங்கே நல்லாத்தானே இருக்கான், எதுக்கு அழுதீரு?’ என்று கேட்க ஆள் இருந்தது.

போர் முடிந்து கைதிகளை மாற்றிக்கொண்டபோது அந்த விமானத்தை ஓட்டிய அதிகாரி விடுதலையானார். பஞ்சாப்காரர், இளைஞர். ஊர் போய்த் தாயைப் பார்த்த கையோடு ரயிலேறி இங்கே வந்தார். அவருடைய இந்தியை அண்ணாச்சி வீட்டில் நான்தான் தமிழில் சொன்னேன்.

அந்த ரக விமானத்தில் ஆளைத் தூக்கி வெளியே எறியும் இருக்கை ஒன்றுதான். அது ஓட்டுகிறவருக்கு. வழிகாட்டி முன்மூக்கில் குப்புறப் படுத்து இலக்கைப் பார்த்துச் சொல்பவர். ஆபத்து என்றால் தவழ்ந்து பின்னால் வந்து, பக்கக் கதவைத் திறந்து குதிக்க வேண்டும். தாழப் பறக்கும்போது அதற்கு நேரம் ஏது? தீப்பிடித்ததும் முத்து முகம்மது, “நீ போ, என்னால் வர முடியாது” என்றாராம். அதிகாரி போனார். பாராசூட்டில் தொங்கியபடி, விமானம் தரையில் மோதி எரிந்ததைப் பார்த்தார்.

நான் சொல்லி முடித்தேன். செய்யது அலி அண்ணாச்சி கண்ணை மூடி, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று அர்த்தம். துக்கத்திலும் இறைவனைப் புகழ்வது அவர்களுடைய மார்க்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அடுத்து அவர் கேட்டதைக் கேளுங்கள். “தம்பி, எம் மவன் குதிக்கலன்னு கடைத்தெருவுல வந்து ஒரு தடவ சொல்லிட்டுப் போவீங்களா?”

மகன் எரிந்து செத்தான் என்ற செய்தியில் ஒரு தகப்பன் நிம்மதி அடைந்ததை நான் பார்த்தேன். நாற்பது வருடமாக நமக்குக் கல்யாணத் துணி கிழித்துக் கொடுத்தவரை நாம் அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம். அந்த அதிகாரி கடைத்தெருவில் நின்று சொன்னார். கேட்டீர்கள், கலைந்தீர்கள், மறுநாளே இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்தீர்கள். கரியைத் துடைக்க மட்டும் யாரும் வரவில்லை.

நேற்று பள்ளிவாசலில் உடல் இல்லாமலே, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை நடந்தது. இன்று அவர் பெயரைத் தெருவுக்குச் சூட்டத் தீர்மானம் வந்திருக்கிறது. நான் ஆதரிக்கிறேன். ‘அவர் விட்ட பணியைத் தொடர்வோம்’ என்று உறுதி சொல்லி முடிக்கச் சொன்னார்கள். என்ன பணி அது? தீப்பற்றிய இடத்தில் தன் வேலையை விட்டு நகராமல் கிடந்தது. ஒரு வதந்திக்கே நகர்ந்துவிட்ட நாம் அதைத் தொடர்வோமா? இதை விடச் சின்னதாக ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அதைச் செய்வோம்.

முத்து முகம்மதின் தாயார் சைத்தூன் பீவி அம்மாள் இங்கே வரவில்லை. காலையில் போய் அழைத்தேன். திரைக்குப் பின்னால் இருந்து சொன்னார்கள்:

“நான் வரல அண்ணாச்சி. அந்தப் பஞ்சாப்புத் தம்பி புகையத்தான் பாத்துருக்காரு, எம் பிள்ளையப் பாக்கல. நீங்க கூட்டத்த நிறுத்திருங்க. தியாகின்னு சொல்ல வேண்டாம், துரோகின்னே சொல்லுங்க. கதவுல எழுதுனா எழுதிட்டுப் போறாவ. சாமித்துரை மொதலாளி அன்னைக்கே சொன்னாவல்லா, அங்கன ராசா மாதிரி இருக்கான்னு? அவிய பெரிய மனுசரு. தெரியாமலா சொல்லியிருப்பாவ?”

தலைவர் அவர்களே, உங்கள் வார்த்தையை ஊர் மறந்துவிட்டது. அந்த அம்மாள் மட்டும் மறக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதம் சோறு உண்டார்கள். மகன் இறந்த செய்தியை அந்த வீட்டுக்குள் ஒரு முறை கொண்டுபோன வாய் இது. அதை நம்ப மறுத்துவிட்டார்கள். அவர்கள் நம்புவது உங்களைத்தான்.

கூட்டம் முடிந்ததும் நான் உங்களோடு நடந்து வருகிறேன். அந்தத் திரைக்கு முன்னால் நின்று, ‘அன்று நான் சொன்னது பொய், உங்கள் மகன் செத்துவிட்டான்’ என்று நீங்களே சொல்லுங்கள்.