டயர் மேல் வீட்டுக்காரர்

காரைக்காலில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“நேத்து என் வீட்டுக்காரரை உட்கார வச்சு கடற்கரையில இழுத்தேன்க்கா.”

திரும்பிப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“எதுலடி உட்கார வச்சே?” என்றது மூத்த குரல்.

“லாரி டயர்ல. இடுப்புல கயிறு கட்டி, மணல்ல இழுத்துக்கிட்டே ஓடணும். போன தடவை போலீஸ் செலக்‌ஷன்ல ஓட்டத்துல கடைசி ரவுண்டுல எனக்குக் காலு தளர்ந்து போச்சுல்ல? பாரம் இழுத்துப் பழகுனா காலு வலுவாகும்னு ஜிம்முல சொன்னாங்க. அங்க இதுக்குன்னே சக்கரம் இல்லாத இரும்பு வண்டி வச்சிருக்காங்க. நமக்கு டயர்தான்.”

“மணல் மூட்டையை வச்சு இழுக்கறதுதானே?”

“மூட்டை உருண்டு விழுந்துடுதுக்கா. இவருன்னா கெட்டியாப் புடிச்சிக்கிறாரு.”

“ஊரு சிரிக்காதா?”

“சிரிக்குது. வலை காய வச்சிக்கிட்டு இருந்தவங்க, ‘மாப்ள, டிக்கெட் எடுத்தியா’ன்னு கேட்டாங்க. முதல் நாள் துண்டைப் போட்டு மூஞ்சிய மூடிக்கிட்டாரு. இப்ப அவங்களுக்குக் கையாட்டுறாரு.”

“இந்தத் தடவையும் போச்சுன்னா?”

“வயசு தாண்டிடும்க்கா. இதான் கடைசி. ஆனா இப்ப வேற கவலை. அவரு கனம் எனக்குப் பத்தல, லேசா வருது. நல்லா சாப்பிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.”

திருவேட்டக்குடி ஸ்டாப்பில் அவள் இறங்கினாள். கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒல்லியாக ஒருவர் நின்றிருந்தார்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“ரெண்டு தட்டு,” என்றார், வயிற்றைத் தட்டிக் காட்டி.