ஏற்கெனவே டொக்டர்

செவன் கிங்ஸ் நிறுத்தத்தில் பஸ் ஏறிய தாயும் மகளும் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.

“நீ டொக்டருக்குப் படிக்கப்போறது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது,” என்றார் தாய். லண்டனில் ஒரு தமிழ்த் தாய் இப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

“பிஎச்டி முடிய மெடிசினுக்கு அப்ளை பண்ணுறதிலை என்ன வெக்கம், அம்மா?”

“நீ பிஎச்டி தொடங்கேக்கையே, மகள் டொக்டர் எண்டு கோயிலிலை சொல்லிப்போட்டன்.”

“நான் நத்தையை எல்லோ ஆராய்ச்சி செய்யிறன்.”

“நத்தையைப் பற்றி ஆர் கேட்டது? முழங்கால் நோவுக்கு மருந்தெல்லோ கேட்டவை.”

“பதில் ஆர் சொன்னது?”

“நான்தான். மகள் சொன்னவ எண்டு சொல்லுவன். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. சுந்தரியக்காவுக்குச் சுகமாயும் போச்சு.”

மகள் படித்துக்கொண்டிருந்த நுழைவுப் பரீட்சைப் புத்தகத்தை மூடித் தாயின் மடியில் வைத்தாள்.

“நோயாளியளோடை பழகின அனுபவம் இருக்கோ எண்டு இன்டர்வியூவிலை கேப்பினம். எனக்கில்லை. நீங்களே அப்ளை பண்ணுங்கோ.”

தாய் புத்தகத்தை விரித்து, இரண்டு பக்கம் புரட்டினார்.

“இன்டர்வியூ இங்கிலீசிலையோ?”