மறுத்துப் பேசத் தெரியாதவர்

— நிறுத்துங்க, நீங்களும் அவளும் ஜெர்மன்ல பேசின அந்தப் பதிவை. இந்த வாரத்துல அந்த யுன்ஜுவோட இது எத்தனாவது உல்லாசப் பயணம்?

— பயணமா! எல்லாம் வெறும் பேச்சு, பரீட்சைக்குப் பயிற்சி, ஹேரான். சனிக்கிழமை ஜெர்மன்ல பேசிக் காட்டணும். ரெண்டு ரெண்டு பேரா உட்கார வச்சு, சேர்ந்து ஏதாவது திட்டம் போடச் சொல்வாங்க.

— திங்கக்கிழமை ஏரிக்கரை. நேத்து பிறந்தநாள் விருந்து. என்னைய ஒருநாள் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போயிருக்கீங்களா?

— ஏரிக்கரைன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— நோட்டுல நம்ம கொரிய எழுத்துலதானே தலைப்புப் போட்டு வச்சிருக்கீங்க! பக்கத்துல ஆசிரியர் சிவப்புல என்னவோ கிறுக்கியிருக்காரே, அது என்ன?

— அதை ஏன் கேக்குற. 'கிபோம், நீங்க மறுத்தே பேசறதில்ல, மதிப்பெண் போகுது'ன்னு திட்டியிருக்காரு. எதிராளி ஒண்ணு சொன்னா, இது சரிவராது, அதுக்குப் பதிலா இப்படிச் செய்யலாம்னு சொல்லணுமாம்.

— சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?

— யுன்ஜு அக்கா பேக்கரிப் பள்ளியில எனக்கு ரெண்டு வருஷம் மூத்தவங்க. மூத்தவங்க முகத்தைப் பார்த்து 'வேண்டாம்'னு எப்படிச் சொல்றது? நாக்கு எழமாட்டேங்குது.

— என்கிட்ட மட்டும் நாக்கு எழுந்துடுதா? புதுத் திரைச்சீலை? வேண்டாம். பூனை? வேண்டாம். நானும் ஜெர்மனி வரேன்? வேண்டவே வேண்டாம். அவளும் அதே ஊருக்குத்தானே வேலைக்குப் போறா!

— பேக்கரி ஆள் எடுக்குது, ரெண்டு பேரும் போறோம். உன்னைய ஒரு வருஷத்துல கூப்பிட்டுக்கறேன்னு சொன்னேன்ல.

— ஒரு வருஷம்! நான் இங்க உங்க அம்மாவோட உக்காந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கிட்டிருக்கணும். நீங்க அங்க அவளோட ரொட்டி சுட்டுக்கிட்டிருப்பீங்க.

— ஆரம்பிச்சுட்டியா.

— கோபம் வருதுல்ல? அப்போ என்கூடவே பயிற்சி பண்ணுங்க, மறுப்பு தானா வரும். நான் நம்ம பேச்சுல சொல்றேன், நீங்க ஜெர்மன்ல மறுங்க. முதல் யோசனை: ரெண்டு பேரும் ஒரே விமானத்துல போவோம்.

— ...

— மறுங்க! மதிப்பெண் போகுது!

— சொல்லிட்டேனே.

— வாய்க்குள்ளயே முணுமுணுத்தா? பரீட்சை வைக்கிறவருக்குக் கேக்க வேணாமா? சத்தமா.

— சரி, ஜெர்மன்ல சத்தமாவே சொல்லிட்டேன், இப்ப போதுமா?

— என்ன சொன்னீங்க?

— மறுத்தேன். அங்க வர்ற மனைவியும் ஜெர்மன்ல முதல் பரீட்சை தேறியிருக்கணும், அதனால நீ வர முடியாதுன்னு சொன்னேன். உனக்கு ஒரு வார்த்தை தெரியுமா?

— நீங்க அப்படிச் சொல்லலீங்க. 'நீ இல்லாம அங்க தனியா எப்படி இருப்பேன்னு பயமா இருக்கு'ன்னு சொன்னீங்க. அந்த யுன்ஜு மூஞ்சியப் பாத்துட்டு வரலாம்னுதான் நாலு மாசம் முன்னாடி அவ வீட்டுக் கதவைத் தட்டினேன். அன்னையிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் யுன்ஜு அக்காகிட்டதான் ஜெர்மன் படிக்கிறேன். முதல் பரீட்சை தேறின தாள் அரிசி டப்பாவுக்கு அடியில இருக்கு, போய்ப் பாருங்க.