மருந்து கலக்காத தொட்டி

“நாலு நாளா மீனுக்கு ஏம்ப்பா சாப்பாடு போடல? அது என்ன தப்பு பண்ணுச்சு?”

ஆறு வயதுக் குழந்தை கேட்ட கேள்வி. கேட்டவள் நம் கம்பவுண்டருடைய சின்ன மாமாவின் மகள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுக்கு முதுகு காட்டி இருக்கிறவர் இந்தப் பக்கம் வந்துவிடலாம்...

மாமாவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆலைக்காரர்கள் புது ரசாயனம் கொண்டு வருவார்கள். அது ஆற்றில் கலந்தால் மீன் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு கண்ணாடித் தொட்டிகள். தொட்டிக்கு ஏழு மீன், ஒவ்வொன்றும் விரல் நீளம். ஐந்து தொட்டிகளில் அந்த ரசாயனம், அவர்கள் பேச்சில் மருந்து, படிப்படியாகக் கூட்டி. ஆறாவதில் வெறும் தண்ணீர். நான்கு நாள் இரை கிடையாது. போட்டால் தண்ணீர் கெட்டுவிடும். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை செத்தவற்றை எண்ணி எழுத வேண்டும். வெறும் தண்ணீரில் ஒன்றுக்கு மேல் செத்தால் சோதனை செல்லாது. மற்ற தொட்டிகளில் போன உயிரெல்லாம் வீண்.

அங்கே ஓர் அக்கா இருந்தார். பதினெட்டு வருட அனுபவம். மீன் அசையாமல் கிடந்தால் கண்ணாடிக் குச்சியால் வாலடியைத் தொட்டுப் பார்ப்பது முறை. எல்லோரும் ஒருமுறை தொடுவார்கள். அக்கா தொட்டு, பொறுத்து, இன்னொருமுறை தொடுவார்.

“என்னக்கா, மீனுக்குக் காய்ச்சல் பாக்கறீங்களா?” என்று மாமா சீண்டுவார்.

“உன்னையும் ரெண்டு தடவ தொட்டுப் பாத்துட்டுத்தான் எழுதுவேன் தம்பி. பயப்படாதே.”

ஒரு விடுமுறை நாள். மாமி ஆஸ்பத்திரியில். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வெளியாள் யாரும் வரக்கூடாத அறைக்கு மாமா அவளைக் கூட்டிப் போனார். அதைப் பார்த்தது அக்கா மட்டும். மருந்துப் பக்கம் போகாதே என்று சொல்லி, வெறும் தண்ணீர்த் தொட்டி முன்னால் உட்கார வைத்துவிட்டு, பக்கத்து அறைக்கு ஐந்து நிமிடம் போனார். அதற்குள் அவள் அலமாரியிலிருந்த இரை டப்பாவைத் திறந்து இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டாள்.

மறுநாள் அந்தத் தண்ணீர் கஞ்சியாகக் கலங்கிக் கிடந்தது. மூன்று மீன்கள் வயிறு வெளுக்க மிதந்தன.

“யார் இரை போட்டது?” மேலாளர் கேட்டார். மாமா வாயைத் திறந்தார். வேலை போனால் மாமியின் வைத்தியம் என்ன ஆவது?

“நான்தாங்க. மறதியாப் போட்டுட்டேன்” என்றார் அக்கா.

நடைவழியில் மாமாவின் கண் கலங்கியதைப் பார்த்து அவர் மெதுவாகச் சொன்னார்: “பாப்பாவத் திட்டாதே தம்பி. பசிக்குமேன்னு போட்டிருக்கு. திட்டினா, அப்புறம் யாருக்குமே போடாது.”

அக்காவைக் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். அந்த வருடமே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். மாமா சாவுக்குக்கூடப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இரண்டு வருடம் கழித்து இன்னொரு சோதனை. மருந்து கலந்தது விடிகாலை மூன்றே முக்காலுக்கு. ஆகவே எண்ணுவதும் அதே நேரத்துக்குத்தான். நான்காம் நாள். ஆலைச் சாலையில் ஒரு விளக்கும் எரியவில்லை. மாமாவின் சைக்கிள் சங்கிலி கிரீச்... கிரீச்... என்றது. வேறு சத்தமில்லை.

பூட்டைத் திறந்தார். பாசி நாற்றம் வரும் என்று நினைத்தார். வந்தது கிராம்பு வாசனை. அக்காவுக்குச் சொத்தைப்பல்... கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும்.

விளக்கைப் போட்டார். யாருமில்லை. காற்றுக்குழாய் மட்டும் களக்... களக்...

டிங்.

முதல் தொட்டியில் கண்ணாடி மேல் கண்ணாடி பட்ட சத்தம். ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி... டிங்.

பட்டினி மீன்கள் மனிதர் வந்தால் அந்தப் பக்கமாகத் திரளும். மாமா நின்றது இடப்பக்கம். மீன்கள் எல்லாம் வலப்பக்கம் திரும்பி நின்றன. இரண்டாம் தொட்டி: டிங்... டிங். அந்த மீன்களும் திரும்பின. மூன்று. நான்கு. ஐந்தாவதில் மருந்து அதிகம். ஒரே ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதுவும் செவுளை இழுத்து இழுத்து... அந்தப் பக்கம் போனது.

பயம் வரவேண்டிய இடத்தில் மாமாவுக்கு அழுகை வந்தது. “அக்கா, என்னை மன்னிச்சிருங்க” என்றார். களக்... களக்...

மீன்களை எண்ணி எழுதி முடித்தார். பிறகு அலமாரியைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்தார். அங்கே எதையும் அழிக்கக் கூடாது. தவறின் மேல் ஒற்றைக் கோடு போட வேண்டும், படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் திருத்துகிறவர் பெயரின் முதலெழுத்து, தேதி. மாமா ‘கவனக்குறைவு’ என்ற சொல்லின் மேல் கோடு போட்டார். கீழே எழுதினார்: ‘இவர் மேல் தவறில்லை. இரை போட்டது என் மகள். அவளை உள்ளே கூட்டி வந்தது நான்.’ கையெழுத்திட்டார். மேலாளர் மேசையில் வைக்க எடுத்தவர், முகம் கழுவிக்கொண்டு போகலாம் என்று அதைத் தொட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கிராம்பு வாசனை இல்லை. மீன்கள் மூலைக்கொன்றாகக் கலைந்திருந்தன.

பதிவேடு திறந்தே கிடந்தது. அவர் எழுதியதில் நடு வரியின் மேல் மட்டும், ‘இரை போட்டது என் மகள்’ என்பதன் மேல், ஒற்றைக் கோடு. பக்கத்தில் அக்காவின் முதலெழுத்து. அன்றைய தேதி.

மை இன்னும் காயவில்லை.