திருட்டுப் பச்சை

"ஹலோ... ஹலோ, வெண்டலா?... ஆமா, நான்தான், ஜோலின்... இல்ல, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டைப் பத்திப் பேச நான் கூப்பிடல... கார்லா எதைச் சமைச்சா எனக்கென்ன? முதல்ல நான் சொல்றதைக் கேளு... இல்ல, நீ கேளு. இன்னிக்கு மத்தியானம் பன்னண்டரைக்கு நீ எங்க இருந்தே?"

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நிறுத்திய ஆம்புலன்ஸில், ஓட்டுநர் இருக்கையைவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தாள் ஜோலின் வெஸ்ட்பி. மணி மூன்றரை. மினசோட்டாவின் ஜனவரி வெளிச்சம் அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது. மடியில் விபத்து ரிப்போர்ட். பதினெட்டு வருஷமாக அந்த ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், இன்றுதான் முதல்முறையாக அந்தத் தாளைக் கையில் வாங்கியிருந்தாள். மறுமுனையில் இருந்தவன் அவள் தங்கை கார்லாவின் புருஷன். தரைவிரிப்புக் கடை வைத்திருப்பவன். ஏரி உறைந்துவிட்டால் போதும், பனிக்கட்டியின் மேல் குடிசை போட்டு, துளைபோட்டு மீன் பிடிப்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே கிடையாது.

"கடையிலயா? பொய் சொல்லாதே... வெண்டல், பொய் சொல்லாதே. மில் தெரு முக்குல உன் பச்சை வண்டியைப் பாத்தேன். உன்னையும் பாத்தேன். நீயும் என்னைப் பாத்தே... ஆமா, அந்த ஆம்புலன்ஸ் நான்தான்... பாத்தியா? இப்ப ஞாபகம் வருது. கையாட்டினே! யோவ், நீ எனக்குக் கையாட்டினேய்யா!... என்ன, மரியாதைக்கா? சைரன் போட்டுக்கிட்டு சிவப்பு சிக்னல்ல நான் நிக்கிறேன், நீ பச்சையில ஜம்முனு போற, போறப்ப மரியாதைக்குக் கையாட்டுற, அப்படித்தானே?"

அவள் குரல் வண்டிக்குள்ளேயே முட்டி மோதித் திரும்பி வந்தது. வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த காவலாளி திரும்பிப் பார்த்துவிட்டு நாசூக்காக உள்ளே போய்விட்டார்.

"சும்மா சிரிக்காதே... சிரிக்காதேன்னு சொன்னேன். அந்தப் பெட்டி ஓடிக்கிட்டிருந்ததா இல்லையா?... எந்தப் பெட்டியா? கண்ணாடியில ஒட்டிவச்சிருக்கியே, கறுப்பா, சிகரெட் லைட்டர்ல வயரைச் சொருகி... ஆங், அதேதான்... ஆமா. ஆமா. நீ இன்டர்நெட்டுல வாங்கினதுதான். அதுதான்."

அவள் வண்டியின் கூரையிலும் அப்படி ஒன்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது படபடவென்று சிமிட்டும். சிக்னல் கம்பத்தின் மேலுள்ள கண் அதைப் பார்த்ததும் இவள் வரும் பக்கம் பச்சை விழும், மற்றப் பக்கமெல்லாம் சிவப்பாகிவிடும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் மட்டும் வைத்திருக்க வேண்டிய சாமான். ஆனால் அந்தக் கண்ணுக்கு ஆள் அடையாளம் தெரியாது. சிமிட்டுவது யாராக இருந்தாலும், முதலில் சிமிட்டியவனுக்கே வழிவிடும்.

"நீ முந்திக்கிட்டே, வெண்டல். புரியுதா? நான் வர்றதுக்கு முன்னாடியே உன் பெட்டி சிக்னலைப் பிடிச்சிருச்சு. எனக்கு சிவப்பு... ஏன் தாண்டிப் போகலன்னா கேக்குறே? நல்லாக் கேட்டே! கம்பத்துல சின்னதா ஒரு வெள்ளை பல்பு இருக்கும், பாத்திருக்கியா?... பாத்திருக்க மாட்டே. அது நிலையா எரிஞ்சா சிக்னல் எனக்குன்னு அர்த்தம். சிமிட்டினா, குறுக்குத் தெருவுல இன்னொரு அவசர வண்டி வருதுன்னு அர்த்தம். சிமிட்டுச்சு. இருபது டன் ஃபயர் எஞ்சின் ஒண்ணு குறுக்க வருதுன்னு நினைச்சுத்தான் பிரேக்கை மிதிச்சேன். ஐஸ் ரோட்டுல, முழு பலத்தோட மிதிச்சேன். வந்தது யாரு? நீ! எதுக்கு வந்தே? அதைச் சொல்லு, எதுக்கு வந்தே?"

பதிலுக்காக அவள் காத்திருந்தாள்.

"...பொடி மீனா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் வைத்துக்கொண்டாள்.

"தூண்டில்ல மாட்டுற பொடி மீன் வாங்கவா?... ஒரு மணிக்குக் கடை மூடிருவான்னா?... சரி. சரி. கிடைச்சுதா மீன்? நல்லது. ரொம்ப சந்தோஷம். இப்ப நான் சொல்றேன், கேட்டுக்கோ. பின்னாடி ஒரு மனுஷன் மூச்சில்லாம கிடந்தாரு. ஹார்ட் நின்னுபோச்சு. கூ வாங் குனிஞ்சு நெஞ்சை அழுத்திக்கிட்டிருந்தான்... ஆமா, என் கூட வேலை பாக்கிற கூ வாங்தான், உனக்குத் தெரியும், போன கோடையில உன் கடையிலதான் கார்ப்பெட் வாங்கினான். நெஞ்சை அழுத்துறவன் எதையும் பிடிச்சுக்க முடியாது, ரெண்டு கையும் வேலையில இருக்கும். நான் பிரேக் போட்டதும் முன்பக்கமா பறந்து வந்து விழுந்தான். இரும்பு அலமாரியில நெத்தி இடிச்சு எட்டுத் தையல். வலது மணிக்கட்டு ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. அப்படியே எந்திரிச்சு, ரத்தம் கண்ணுல வழிய வழிய, ஒத்தைக் கையால மறுபடியும் அழுத்தினான். நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டினேன்."

அவள் நிறுத்தி, கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"...பொழைச்சுக்கிட்டாரு. மேல ஐ.சி.யு.வுல இருக்காரு, மூச்சு வந்திருச்சு... என்னது?... இன்னொரு தடவை சொல்லு... 'அப்ப ஒண்ணும் ஆகலையே'யா? ஒண்ணும் ஆகலையா? அடப்பாவி! கூ வாங் பொண்டாட்டிக்கு ஏழு மாசம். இன்னும் ஆறு மாசத்துக்கு அவனால ஸ்ட்ரெச்சரைத் தூக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவகிட்ட போய்ச் சொல்லு, ஒண்ணும் ஆகலன்னு. நேர்ல போய், உன் வாயாலேயே சொல்லு!"

அவன் ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டே போனான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"ம்... ம்... சட்டத்துல அதைப் பத்தி ஒண்ணும் இல்லன்னு வித்தவன் எழுதியிருக்கானா? அவன் வேற என்னத்தை எழுதுவான்?... ஊர்ல எல்லாருமா வச்சிருக்காங்க? யாரு, பேரைச் சொல்லு... ஒருத்தன்கூட இல்ல, பாத்தியா... ஆமா. ஆமா, சிரிச்சேன். ஒத்துக்கிறேன்! கிறிஸ்துமஸ் அன்னிக்கு உன் வீட்டு வாசல்ல அதைக் காட்டினப்ப நானும் சிரிச்சேன். 'மாட்டிக்கப் போறே'ன்னு சொல்லிட்டு உள்ள போய்ச் சாப்பிட்டேன். அன்னிக்கே பிடுங்கித் தரையில போட்டு மிதிச்சிருக்கணும். யார்கிட்டயும் சொல்லல. தங்கச்சி புருஷனாச்சே, போகட்டும்னு விட்டேன். அந்தத் தப்பு என்னோடது. ராத்திரி பகலா அதை நான்தான் சுமக்கணும். ஆனா அதைச் சொல்லி நீ தப்பிச்சுக்கலாம்னு பாக்காதே!"

அப்போது டாஷ்போர்டில் இருந்த ரேடியோ கரகரத்தது. டாமராக் குடியிருப்பில், மூன்றாவது மாடிச் சமையலறையில் தீ. 'எஞ்சின் இரண்டு' என்ற தீயணைப்பு வண்டி மில் தெரு நிலையத்திலிருந்து புறப்பட்டுவிட்டது, பதினேழாம் தெரு வழியாக வருகிறது. ஜோலின் கேட்டும் கேட்காதவள்போலப் பேச வாயெடுத்தாள். அப்போதுதான் போனில் வேறு ஒன்று அவள் காதில் விழுந்தது. வைப்பர் ஓடும் சத்தம். டயர் ஐஸில் உரசும் சத்தம்.

"இரு... வெண்டல், இரு. நீ வண்டி ஓட்டிக்கிட்டா பேசுறே?... எங்க போறே?... ஏரிக்கா? இருட்டுறதுக்கு முன்னாடி மீன் கடிக்கும்னா? கடவுளே! எந்த ரோட்டுல இருக்கே?... லேக் ரோட்டுல எங்க?... பதினேழாம் தெரு தாண்டிட்டியா?... தாண்டலையா? அந்தப் பெட்டி?... பெட்டி ஓடுதான்னு கேக்குறேன்!"

அவள் எழுந்தேவிட்டாள். தலை கூரையில் இடித்தது. மடியில் இருந்த தாள் நழுவிக் கீழே விழுந்தது.

"அணை! அதை அணை... காரணம் அப்புறம் சொல்றேன், வயரைப் பிடுங்கு! எஞ்சின் ரெண்டு பதினேழாம் தெருவுல வருது, வெண்டல், ஒரு வீடு எரியுது! பிடுங்கிட்டியா?... பிடுங்கிட்டியா, வாயத் திறந்து சொல்லு!... சரி. சிக்னல் என்ன காட்டுது?... இன்னும் பச்சையா? போகாதே! பச்சையா இருந்தாலும் போகாதே, பிரேக்கைத் தொடு. மெதுவா... மெதுவா மிதி, ஐஸ்ல சறுக்கும், ஒரேடியா அமுக்காதே... மஞ்சளா? நில்லு. நில்லு, நில்லு... நின்னுட்டியா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வெண்டல்?... ஹலோ?... நின்னுட்டியான்னு கேட்டேன். டேய், பேசுடா!"

பதிலுக்குப் பதில் சைரன் வந்தது. முதலில் எங்கேயோ தூரத்தில் மெலிதாக, பிறகு போனே கிழிந்துவிடும்போல. ஏர் ஹாரனின் உறுமல், சங்கிலி கட்டிய டயர்களின் கடகடப்பு. ஜோலின் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். எங்கேயும் எதுவும் மோதவில்லை. சத்தம் அவன் முன்னால் குறுக்கே கடந்து, தேய்ந்து, அடங்கியது. அதன்பின் வைப்பர் மட்டும் சரக் சரக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

"...ம். கேட்டுச்சு. இங்க வரைக்கும் கேட்டுச்சு... எவ்வளவு கிட்ட?... கோட்டைத் தாண்டிச் சறுக்கிட்டியா?... பின்னாடி வாங்கிக்கோ. யாரும் இல்லையே? வாங்கிக்கோ... எஞ்சின் ஓட்டுறவரு உன்னைத் திரும்பிக்கூடப் பாக்கலையா? அவரு ஏன் உன்னைப் பாக்கணும்? அவரு பச்சையை நம்பித்தான் போறாரு, வெண்டல். நாங்க எல்லாரும் அதை நம்பித்தான் போறோம். பக்கத்துல எவனாவது வர்றானான்னு எட்டிப் பாத்துக்கிட்டா போக முடியும்? மேல மாடியில யாரு மாட்டிக்கிட்டிருக்காங்களோ..."

மறுமுனையில் அவன் அழுகிறானா, வெறுமே மூச்சு வாங்குகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. கோபம் மட்டும் இறங்கியபாடில்லை. குனிந்து தரையிலிருந்து தாளை எடுத்தாள். ஒரு மூலை ஈரமாகியிருந்தது.

"சரி, சரி... போதும். எனக்கு உன்னைப் பாத்தா பாவமா இல்ல, சொல்லிட்டேன்... இல்ல. அதைக் கேக்காதே... எழுதிட்டேன். எப்பவோ எழுதிட்டேன். உன்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே. உன் பேரு, உன் வண்டி நம்பர், எல்லாம்... கிறிஸ்துமஸ் அன்னிக்கு நான் அந்தப் பெட்டியைப் பாத்ததையும் எழுதியிருக்கேன். பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லாம விட்டதையும்... தெரியும். என் வேலைக்கும் ஆபத்துதான். வரட்டும்... கார்லாவா? கார்லா என்கூடப் பேச மாட்டா. தெரியும். ஒரு வருஷம் பேச மாட்டா, ரெண்டு வருஷம் பேச மாட்டா. பேசாம இருக்கட்டும். நீ அந்த முக்குல செத்திருந்தா அவ யார்கூடப் பேசியிருப்பா?"

ஆஸ்பத்திரிக் கதவு திறந்து, நெற்றியில் கட்டும் கையில் மாவுக்கட்டுமாகக் கூ வாங், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். வயிறு முன்தள்ளிய அந்தப் பெண் கார்க் கதவைத் திறந்து, குழந்தையை உட்காரவைப்பதுபோல அவனை உள்ளே உட்காரவைத்து, பெல்ட்டையும் அவளே மாட்டிவிட்டாள். கூ வாங் இந்தப் பக்கம் பார்த்து, நல்ல கையை உயர்த்தினான். ஜோலினும் கையை உயர்த்தினாள்.

"இப்ப கேளு. நேராப் போனா ஏரி. இடது பக்கம் திரும்பினா ரெண்டாவது கட்டடம் போலீஸ் ஸ்டேஷன். இந்த ரிப்போர்ட் ஆறு மணிக்கு அங்க போகும். அதுக்கு முன்னாடி நீயே அந்தப் பெட்டியோட போய் நின்னா அது ஒரு மாதிரி. அவங்க உன்னைத் தேடி உன் மீன் குடிசைக்கு வந்தா அது வேற மாதிரி... இல்ல, நான் கூட வர மாட்டேன். நீயே போ... சொல்றதுக்கு என்ன இருக்கு? நடந்ததைச் சொல்லு. பொடி மீன் வாங்கப் போனேன்னு சொல்லு. கையாட்டினதையும் சொல்லு."

பின்னால் யாரோ ஹாரன் அடிப்பது போனில் கேட்டது. மறுபடியும் ஒருமுறை, பொறுமையில்லாமல்.

"பச்சை விழுந்திருச்சு போல... வெண்டல்? பச்சை. கிளம்பு."

இரண்டு மூன்று நொடி கழித்து டிக், டிக், டிக்கென்று மெலிதாக ஒரு சத்தம் எழுந்தது. நேராகப் போகிறவனுக்கு இண்டிகேட்டர் எதற்கு? ஜோலின் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"...சரி. எதிர்ல வர்றவங்களை முதல்ல போகவிடு, அப்புறம் திரும்பு... மெதுவா, ஐஸ் இருக்கு... இல்ல, மன்னிக்கல. அதை இன்னிக்கு என்கிட்ட கேக்காதே. போனை வை. ரெண்டு கையாலயும் ஓட்டு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் லைன் கட்டானது.