நெரிடாவின் கல்யாணப் பங்குகள்

தேநீருக்கு நன்றி, சார்ஜென்ட். சர்க்கரை வேண்டாம், எதிலும் கட்டுப்பாடாக இருந்து பழகிவிட்டேன்.

என் மகள் நெரிடா பிறந்த வாரமே, அவள் கல்யாணத்துக்கென்று டூவும்பா டவுனில் ஒரு தரகரிடம் பங்குகள் வாங்கினேன். கல்யாணத்தன்று அவற்றை விற்று அவளுக்கு வீடு வாங்கித் தருவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்தேன். அவள் அதை நம்பிக்கொண்டே கண்ணை மூடினாள். ஈவுத்தொகை வரும், அதற்கும் பங்கே வாங்குவேன். அது குட்டி போடும், குட்டியும் குட்டி போடும். நமக்குப் பொறுமை ஒன்றுதான் வேலை.

முதலில் வந்தவன் டேரன், டயர் கடையில் இருந்தான். நல்ல பையன். ஆனால் அப்போது சந்தை படுத்துக் கிடந்தது. அந்த விலைக்கு யாராவது விற்பார்களா? கொல்லையில் சாசேஜ் வாட்டிக்கொண்டே சொன்னேன்: "தம்பி, அவ அம்மா வழியில எல்லாருக்கும் நாப்பது வயசுல புத்தி பேதலிச்சுடும். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!" சாசேஜை வாயில் வைக்காமலே போய்விட்டான்.

அடுத்தவர் பள்ளி ஆசிரியர். அப்போது சந்தை ஏறிக்கொண்டிருந்தது. ஏறும்போது விற்பது இன்னும் மடத்தனம். நெரிடாவுக்கு பெர்த் நகரத்தில் ஏற்கெனவே ஒரு கணவன் இருப்பதாக அவரிடம் சொன்னேன்.

மூன்றாவது மாரிஸ், குதிரைக்கு லாடம் அடிப்பவன். இவன்தான் தொல்லை. புத்தி பேதலிக்கும் என்றேன். "எனக்கே கொஞ்சம் அப்படித்தான், டெஸ்" என்று சிரித்தான். பெர்த் புருஷன் என்றேன். "நம்பர் குடுங்க, நானே பேசிக்கறேன்" என்றான். வேறு வழியில்லாமல்தான் பக்கத்துப் பண்ணைச் சேணங்களை எடுத்து அவன் வண்டியில் போட்டேன். உங்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னதும் நான்தான்; மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன். பதினெட்டு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்ததும் ஊரைவிட்டே போய்விட்டான். நீண்டகால முதலீட்டில் பதினெட்டு மாதமெல்லாம் ஒரு காலமா?

போன வாரம் அந்த ஆசிரியர் கடைத்தெருவில் நெரிடாவைப் பார்த்து, "வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று விசாரித்துத் தொலைத்தார். அவள் வீட்டுக்கு வந்து என்னிடமிருந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கறந்துவிட்டாள்.

பங்குகள் ஏறியிருக்கும் உயரத்தைத் திரையில் காட்டினேன். "பாரும்மா, எங்க போயிருக்குன்னு."

"நான் எங்கப்பா போயிருக்கேன்?" என்று கேட்டாள். பிறகு காரில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டாள்.

வெளியே உட்கார்ந்திருக்கிறாளே, அவளிடம் நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள். ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் பொறுமை வரவில்லை. நான் எனக்கா சேர்த்தேன்? அவள் பேரப்பிள்ளைகள் தலையெடுக்கும்போது அது எவ்வளவாகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.